எட்கர் தர்ஸ்டன்

எட்கர் தர்ஸ்டன் (1855 – அக்டோபர் 12, 1935) சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய பிரித்தானியர் ஆவார். மருத்துவம் பயின்ற இவர் இயற்கையியலாளராகவும் இனவரைவியலாளராகவும் விளங்கினார். 1909 ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூல் இவரைப் பரவலாக அறியச் செய்தது. எனினும் இவருடைய தொடக்ககாலப் பணி கடலைச் சார்ந்தது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள், முத்துச்சிப்பிகள், சங்குகள் ஆகியவற்றைப் பற்றி இவர் வெளியிட்ட அறிக்கைகள் தமிழகக் கடல் உயிரியலின் தொடக்கநிலை ஆவணங்களுள் அடங்கும். சென்னைக் கடற்கரையில் 1909 இல் திறக்கப்பட்ட கடல் உயிர்க்காட்சியகத்தின் திட்டமும் இவரது பணிக்காலத்தில் உருவானதே.

பிறப்பும் கல்வியும்

தர்ஸ்டன் 1855 இல் பிறந்தார். இவருடைய தந்தை சார்லசு போசுவர்த் தர்ஸ்டன், இலண்டனை அடுத்த கியூ என்ற ஊரைச் சேர்ந்தவர். உலகப் புகழ் பெற்ற தாவரவியல் பூங்கா அமைந்துள்ள ஊர் இது. ஈட்டன் பள்ளியில் பயின்ற தர்ஸ்டன், பின்னர் இலண்டன் கிங்சு கல்லூரியில் மருத்துவம் கற்று 1877 இல் தகுதி பெற்றார். கென்ட் மாவட்ட மனநோய் மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றினார். அதன் பின்னர் கிங்சு கல்லூரியின் அருங்காட்சியகத்தில் காப்பாளரானார். உடற்கூற்றியல் பயிற்சியும், மாதிரிகளைப் பதப்படுத்தி வகைப்படுத்தும் பழக்கமும் இக்காலத்தில் இவருக்கு வாய்த்தன. பிற்காலத்தில் கடல் உயிர்களைச் சேகரிப்பதற்கும், மனித உடலை அளக்கும் முயற்சிகளுக்கும் இவ்விரண்டும் அடிப்படையாக அமைந்தன.

சென்னை அருங்காட்சியகத்தில்

சென்னை அருங்காட்சியகம் 1851 இல் தொடங்கப்பட்டது. எட்வர்டு பால்ஃபர் அதன் முதல் பொறுப்பாளர். தர்ஸ்டன் 1885 இல் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்றபோது, எழும்பூர் பாந்தியன் சாலையில் இயங்கிய இந்நிறுவனம் பாறைகள், விலங்குகள், தாவரங்கள், நாணயங்கள், சிற்பங்கள், ஆயுதங்கள் எனப் பல துறைகளையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டிருந்தது. கண்காணிப்பாளர் ஒருவரே இவை அனைத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. தர்ஸ்டன் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயங்கள் குறித்து 1890 இல் ஒரு நூல் வெளியிட்டதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

இவரது பணிக்காலத்தில் அருங்காட்சியக வளாகம் விரிவடைந்தது. கன்னிமாரா பொது நூலகமும் அருங்காட்சியகக் கலையரங்கமும் 1896 இல் திறக்கப்பட்டன. அருங்காட்சியகத்தின் ஆய்வுகளை அச்சிடும் ஆய்விதழ் வரிசை 1894 இல் தொடங்கியது. அவ்வரிசையின் முதல் இதழ் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் பற்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

இராமேசுவரம் ஆய்வுகள்

பணியேற்ற சில மாதங்களிலேயே தர்ஸ்டனின் கவனம் மாகாணத்தின் தென்கோடிக் கடலின் மீது திரும்பியது. பாம்பன் பாலம் 1914 இல்தான் திறக்கப்பட்டது. தர்ஸ்டன் இராமேசுவரத்துக்குச் சென்ற காலத்தில் அத்தீவைப் படகில்தான் அடைய முடியும். அங்கும் அண்டைத் தீவுகளிலும் கிடைத்த கடல் விலங்குகளைப் பற்றிய முதனிலை அறிக்கையை 1887 இல் வெளியிட்டார். அது விரிவாக்கப்பட்டு 1895 இல் இராமேசுவரத் தீவும் மன்னார் வளைகுடா விலங்குகளும் என்ற பெயரில் வெளிவந்தது.

அக்காலத்தில் சென்னையில் கடல் முதுகெலும்பிலிகளை வகைப்படுத்தத் தேவையான ஒப்பீட்டு மாதிரிகளும் நூல்களும் போதிய அளவில் இல்லை. ஆகவே சேகரித்தவற்றின் ஒரு பகுதியைத் தர்ஸ்டன் இங்கிலாந்தில் இருந்த அறிஞர்களுக்கு அனுப்பினார். கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து 1887 இலும் 1889 இலும் கட்டுரைகள் வெளியிட்டார். தூத்துக்குடியில் சேகரித்த முட்தோலிகளை செஃப்ரி பெல் 1888 இல் விவரித்தார். சார்ச்சு புரூக் 1893 இல் வெளியிட்ட பிரித்தானிய அருங்காட்சியகப் பவளப் பட்டியலில் இராமேசுவரத்துக் கிளைப்பவளங்களும் இடம்பெற்றன. பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூசு ஃபூட், இதே காலத்தில் இராமேசுவரத்தில் கடல்மட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும் பழைய பவளப்பாறைகளைப் பற்றி எழுதினார். மன்னார் வளைகுடாப் பவளங்கள் பற்றிய அறிவியல் ஆவணங்கள் இவ்விருவரிடமிருந்தே தொடங்குகின்றன எனலாம்.

பவள உயிரியும் அதன் கூடும்

பாறை அமைக்கும் பவளம் என்பது கல்லோ தாவரமோ அன்று. கடற்சாமந்திக்கு உறவான சிறு விலங்குகளின் கூட்டமாகும். ஒவ்வொரு விலங்கும் கடல்நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து அரகோனைட்டு என்ற சுண்ணாம்புக் கனிமத்தாலான கூட்டைத் தனக்குக் கீழே படியவைக்கிறது. இதன் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. ஒளியைக் கொண்டு இவை தயாரிக்கும் உணவே பவளத்தின் உணவில் பெரும்பகுதி. பவளத்தின் பழுப்பு, பச்சை நிறங்களும் பெரும்பாலும் இப்பாசிகளால் வருவனவே.

நீரிலிருந்து எடுத்த பவளம் சில மணி நேரத்தில் இறந்துவிடுகிறது. திசு அழுகி நீங்கியபின் எஞ்சுவது வெண்ணிறக் கூடு மட்டுமே. ஆகவே தர்ஸ்டனின் காலத்து அருங்காட்சியகப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தவை பவள உயிரிகள் அல்ல, அவை விட்டுச்சென்ற வீடுகள். இனத்தைப் பெயரிட அவை போதுமானவை. ஆனால் அவ்வுயிரி எவ்வாறு உண்கிறது, எவ்வாறு வளர்கிறது, எந்நீரில் இறக்கிறது என்பதை அவற்றால் கூற இயலாது. கடல் உயிர்களை உயிருடன் வைத்துப் பார்க்கும் இடம் ஒன்று தேவைப்பட்டதற்கு இது முதன்மையான காரணமாகும்.

முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும்

மன்னார் வளைகுடா ஆய்வுகளில் அரசுக்கு இருந்த ஆர்வம் அறிவியலால் மட்டும் தோன்றியது அன்று. முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் அரசின் தனியுரிமைகளாக இருந்தன. சங்குகள் வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு வளையல்களாக அறுக்கப்பட்டன. முத்துக்குளிப்போ நிலையற்ற வருவாயாக இருந்தது. சில ஆண்டுகள் பார்களில் சிப்பிகள் நிறைந்திருக்கும். பின்னர் பல ஆண்டுகள் ஒன்றும் கிடைக்காது. இளஞ்சிப்பிகள் நிறைந்திருந்த பார் அடுத்த ஆய்வின்போது வெறுமையாகக் காணப்படுவதும் உண்டு.

தர்ஸ்டன் 1889 ஆம் ஆண்டுத் தூத்துக்குடி முத்துக்குளிப்பை நேரில் கண்டு, மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புகளும் கடல் விலங்குகளும் பற்றிய குறிப்புகளை 1890 இல் நூலாக வெளியிட்டார். சிப்பிகள் மறைவதற்கான காரணத்தை அறியும் விரிவான ஆய்வு இலங்கையில் 1902 இல் வில்லியம் ஏர்டுமன், சேம்சு ஓர்னெல் ஆகியோரால் மேற்கொள்ளப்பட்டது. மணல் நகர்ந்து மூடுதல், நெரிசல், திருக்கை, நட்சத்திர மீன் போன்ற எதிரிகள் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. ஓர்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானார். தூத்துக்குடியில் 1961 ஆம் ஆண்டுக்குப் பின் பெருமளவிலான முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

சென்னைக் கடல் உயிர்க்காட்சியகம்

பின்னணி

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் முறை 1850களில் இங்கிலாந்தில் உருவானது. மீன்களும் நீர்த்தாவரங்களும் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் சோதித்துக் காட்டினார். பிலிப் என்றி கோசு 1854 இல் எழுதிய நூல் வீட்டுக் கடல்தொட்டியை மக்களிடையே பரப்பியது. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் முதல் பொது மீன்காட்சியகம் 1853 இல் திறக்கப்பட்டது.

தொடக்கத்தில் இருந்த பெருந்தொட்டிகள் பலவற்றில் நீர் விரைவில் கலங்கி நாற்றமெடுத்தது. வில்லியம் ஆல்ஃபர்டு லாய்டு என்பவர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். காட்சித் தொட்டிகளைவிடப் பலமடங்கு பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை இருட்டில் அமைத்து, அந்நீரை இடைவிடாமல் சுழலவிட்டார். இருட்டில் பாசி வளர்வதில்லை. நீர் குளிர்ச்சியாக இருக்கும். சுழற்சியால் காற்று கலக்கும். செம்பு, துத்தநாகம் ஆகியவை முதுகெலும்பிலிகளுக்கு நஞ்சு என்பதால் குழாய்களுக்கு அவ்வுலோகங்களைத் தவிர்த்து, கடினமாக்கப்பட்ட இரப்பர் பயன்படுத்தப்பட்டது. இலண்டன் பளிங்கு மாளிகையில் 1871 இல் திறக்கப்பட்ட காட்சியகமும், அதன் பின்னர் இத்தாலியின் நேப்பில்சு நகரில் அமைந்த காட்சியகமும் இம்முறையைப் பின்பற்றின.

உருவாக்கமும் முடிவும்

ஆம்ப்தில் பிரபு சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் (1900–1906) கடற்கரையில் ஒரு கடல் உயிர்க்காட்சியகம் அமைக்கும் எண்ணம் வடிவம் பெற்றது. தர்ஸ்டன் அதன் திட்டத்தில் பங்கு கொண்டார். கட்டடம் மெரினா கடற்கரையில் எழுந்து, 1909 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கென அமைந்த முதல் கடல் உயிர்க்காட்சியகம் இதுவே எனக் கருதப்படுகிறது. அதற்குள் தர்ஸ்டன் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். இவருக்குப் பின்வந்த என்டர்சன் காட்சியகத்தை நடத்தினார். 1919 இல் அது அருங்காட்சியகத்திடமிருந்து மீன்வளத் துறைக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது சப்பானியத் தாக்குதல் குறித்த அச்சம் நிலவிய 1942 இல் மூடப்பட்டது.

சென்னைக் கடற்கரை பவளத்துக்கு ஏற்றதன்று. அங்குள்ள அடித்தளம் மணலாலானது. அலைகள் மணலைக் கலக்குவதால் நீர் தெளிவற்றிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூவமும் அடையாறும் நன்னீரையும் சேற்றையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. பாறை அமைக்கும் பவளங்கள் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மண்டபம், இராமேசுவரம், தூத்துக்குடிப் பகுதிகளில்தான் உள்ளன. மீன்களை இவ்வாறான கடற்கரையில் காட்சிப்படுத்துவது இயலும். இராமேசுவரத்துப் பவளத்தைத் தொட்டியில் வளர்ப்பதோ வேறு வகையான சிக்கலாகும்.

பவளம் வளர்வதற்குரிய நீர்

தர்ஸ்டன் பணியாற்றிய காலத்தில் பவளத்தைத் தொட்டியில் நீண்டகாலம் வளர்க்கத் தேவையான அறிவு உலகில் எங்கும் முழுமை பெறவில்லை. கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை செர்கெய் வினோகிராத்சுக்கி 1890 ஆம் ஆண்டை ஒட்டித்தான் பிரித்தறிந்தார். பவளத்துக்குள் வாழும் பாசிகளுக்கு 1881 இல் பெயரிடப்பட்டிருந்தபோதிலும், அவற்றின் பங்கு 1928–29 ஆம் ஆண்டுகளில் ஆத்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் நடந்த ஆய்வுப் பயணத்தின்போதே விரிவாக ஆராயப்பட்டது. ஒளி இருக்கும்போது சுண்ணாம்புப் படிவு விரைவாக நடைபெறுவதைத் தாமசு கோரோ 1950களில் சமைக்காவில் அளந்து காட்டினார். லாய்டின் இருண்ட நீர்த்தேக்கம் மீனுக்குத் தேவையானதைத் தந்தது. பவளமோ தெளிந்த நீருடன் வலிமையான ஒளியையும் வேண்டியது. ஒளி கூடினால் கண்ணாடியில் பாசி படர்ந்தது. இம்முரண்பாட்டைத் தீர்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இந்தோனேசியாவின் லீ சின் எங் 1960களின் தொடக்கத்தில், உயிருள்ள கடற்பாறைத் துண்டுகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டும் கொண்டு கடல்தொட்டிகளைப் பேணும் முறையை வெளியிட்டார். பாறையின் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் நீரைத் தூய்மையாக்கின. சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கன்சு 1970களில் சுண்ணாம்பு நீரைத் தொட்டியில் சொட்டுச்சொட்டாகச் சேர்க்கும் முறையைப் பரப்பினார். இவ்விரண்டுக்கும் பின்னரே வீட்டுத் தொட்டிகளில் பவளம் வளர்வது இயல்பாயிற்று.

தொட்டியிலுள்ள நீர் கடல்நீரை ஒத்திருக்கவேண்டும் என்பதே அடிப்படை விதி. முதன்மையான அளவுகள் பின்வருமாறு:

உப்புத்தன்மை: ஆயிரத்தில் சுமார் 35 பங்கு.
வெப்பநிலை: பொதுவாக 24 முதல் 27 பாகை செல்சியசு. 30 பாகைக்கு மேல் நீடித்தால் பவளம் வெளுக்கத் தொடங்கும்.
கால்சியம்: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 410 முதல் 420 மில்லிகிராம்.
மக்னீசியம்: லிட்டருக்குச் சுமார் 1300 மில்லிகிராம். இது குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் நீரிலேயே படிந்து வீணாகும்.
காரத்தன்மை: கடல்நீரில் செருமானியக் கடினப் பாகையில் சுமார் 7. தொட்டிகளில் 7 முதல் 11 வரை வைக்கப்படுகிறது.
அமோனியா: அறவே இருக்கக்கூடாது. நைட்ரேட்டும் பாசுபேட்டும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும்.

பவளம் வளரும்போது கால்சியமும் காரத்தன்மையும் ஒரு நிலையான விகிதத்தில் குறைகின்றன. காரத்தன்மை 2.8 பாகை குறையும்போது கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் குறைகிறது. காரத்தன்மையின் இருப்பு சிறிது, கால்சியத்தின் இருப்பு பெரிது. ஆகவே பற்றாக்குறை முதலில் காரத்தன்மையில்தான் வெளிப்படும். பவளம் வளர்கிறதா என்பதைக் கண்ணால் அறிவதற்கு முன்பே நீர்ச் சோதனையால் அறியலாம் என்பது இதன் பயன். சுண்ணாம்பு நீர் இவ்விரண்டையும் அதே விகிதத்தில் ஈடுசெய்கிறது. ஆனால் அது கடுங்காரம் என்பதால் மெதுவாகவே சேர்க்கப்படுகிறது.

கடலிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்தே நீர் தயாரிக்கப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள நைட்ரேட்டு முதலிய பொருள்கள் தொட்டியில் தேங்கிவிடும். எனவே எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் தூய்மையாக்கிய நீரே பயன்படுத்தப்படுகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரே ஊற்றப்பட வேண்டும்.

இனவரைவியல் பணிகள்

தர்ஸ்டன் 1890களில் மானிடவியலின் பக்கம் திரும்பினார். இந்திய அரசு 1901 இல் இனவரைவியல் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது, சென்னை மாகாணத்துக்கான பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அருங்காட்சியகத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் க. இரங்காச்சாரி இவருக்குத் துணைநின்றார். பல பயணங்களையும் ஒளிப்படங்களையும் மேற்கொண்டவர் இரங்காச்சாரியே. முந்நூறுக்கும் மேற்பட்ட சமூகங்களைப் பற்றிய செய்திகள் அகரவரிசையில் தொகுக்கப்பட்டு 1909 இல் வெளிவந்தன. க. ரத்னம் செய்த தமிழ் மொழிபெயர்ப்பைத் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

கல்வராயன் மலை

இந்நூலின் நான்காம் தொகுதியில் உள்ள மலையாளிகள் என்ற பதிவு, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களின் மலைகளில் வாழும் பழங்குடியினரைப் பற்றியது. கல்வராயன் மலை மக்களும் இதில் இடம்பெறுகின்றனர். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் மலையேறி வந்தனர் என்ற மரபுக்கதையை இப்பதிவு கூறுகிறது. கேரள மக்களைக் குறிக்கும் மலையாளி என்ற சொல்லிலிருந்து இப்பெயர் வேறானது. மலையை ஆள்பவர் என்பதே இதற்குத் தரப்படும் பொருள். கல்வராயன் மலையும் அதன் கிழக்கே சமவெளியில் தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவிலூரும் அன்று தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. 2019 முதல் இவை கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. தென் ஆற்காடு பற்றிய செய்திகளுக்கு, பிரான்சிசு 1906 இல் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியைத் தர்ஸ்டன் பயன்படுத்திக்கொண்டார்.

திறனாய்வுகள்

தர்ஸ்டனின் தொகுப்பு இன்றும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகிறது. மறைந்துபோன சடங்குகள், தொழில்கள், சொற்கள் பல இதில் பதிவாகியுள்ளன. எனினும் இந்நூல் கடுமையான திறனாய்வுக்கும் உள்ளாகியுள்ளது.

முதலாவது, மூக்கின் அகலம், மண்டையின் நீளம் ஆகியவற்றை அளந்து மக்களை வகைப்படுத்தும் முறையை இவர் பின்பற்றினார். இவ்வளவைகளுக்கு அறிவுடனோ பண்புடனோ தொடர்பு இல்லை என்பது பின்னர் தெளிவாகியது. அளக்கப்பட்டவர்கள் பலர் ஆட்சியாளரின் முன் மறுக்க இயலாத நிலையில் இருந்தவர்கள் என்பதும் கருதத்தக்கது. இரண்டாவது, செய்திகளில் பெரும்பகுதி அதிகாரிகள், மறைப்பணியாளர்கள், உள்ளூர்ச் செல்வாக்குப் பெற்றோர் ஆகியோரிடமிருந்து பெறப்பட்டது. விவரிக்கப்பட்ட மக்களின் குரல் அதில் குறைவு. மூன்றாவது, சில சமூகங்களைக் குற்றத்தொழிலுடன் இணைத்துக் கூறும் காலனிய வழக்கம் இந்நூலிலும் காணப்படுகிறது. குற்றப் பழங்குடியினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1911 இல் விரிவாக்கப்பட்டது. 1947 இல் நீக்கப்படும் வரை பல்லாயிரம் குடும்பங்கள் அச்சட்டத்தால் துன்புற்றன.

கடல் விலங்குகளைத் தொகுத்த அதே முறையையே தர்ஸ்டன் மனிதக் குழுக்களுக்கும் கையாண்டார் எனக் கூறலாம். மாதிரிகளைச் சேகரித்தல், அளத்தல், பெயரிடுதல், வரிசைப்படுத்துதல் ஆகியவையே அதன் படிகள். பவளத்தைப் பொறுத்தவரை இம்முறையின் குறையை, உயிரியை அதன் நீரோடு சேர்த்து ஆராய்ந்த பிற்காலத்தவர் நிறைவுசெய்தனர். மக்களைப் பொறுத்தவரை, ஓர் ஆண்டில் எழுதப்பட்ட குறிப்பு மாறாத இயல்பாகக் கொள்ளப்பட்டதால் விளைந்த தீங்கு நெடுங்காலம் நீடித்தது. இந்நூலைப் பயன்படுத்தும் மாணவர்கள் அதனை அக்கால ஆவணமாகவே கொள்ளுதல் வேண்டும்.

ஓய்வும் இறப்பும்

ஓய்வுக்குப் பின் தர்ஸ்டன் இங்கிலாந்து திரும்பி, அதன் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால் பகுதியில் வாழ்ந்தார். அங்கும் இவரது ஆர்வம் தொகுப்பதிலேயே இருந்தது. மிதமான தட்பவெப்பம் கொண்ட அப்பகுதியின் தாவரங்களை ஆராய்ந்து, விகர்சு என்பவருடன் இணைந்து 1922 இல் கார்ன்வால் தாவரங்கள் பற்றிய பின்னிணைப்பு நூலை வெளியிட்டார். தர்ஸ்டன் அக்டோபர் 12, 1935 அன்று பென்சான்சு நகரில் இறந்தார். இந்தியப் பணிக்காகக் கெய்சர்-இ-இந்த் பதக்கம் பெற்றிருந்தார். லாய்டு என்ற விலங்கியலாளர் 1908 இல் விவரித்த கொம்புத் திருக்கை இனம் ஒன்று, மொபுலா தர்ஸ்டோனி என இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளின் இன்றைய நிலை

தர்ஸ்டனுக்குப் பின் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக வந்தவர்களுள் ஒருவரான கிரேவ்லி, குருசடைத் தீவின் உயிரினங்கள் பற்றிய தொகுப்பை 1927 இல் வெளிக்கொணர்ந்தார். மண்டபத்தில் அமைந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர் கோபிநாத பிள்ளை, 1960கள் முதல் இந்தியப் பவளங்களை விரிவாக வகைப்படுத்தினார்.

இதே காலத்தில் பவளப்பாறைகள் பெருமளவில் வெட்டி எடுக்கப்பட்டன. வெட்டிய கற்கள் கட்டடங்களுக்கும், சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்குவதற்கும், தொழிற்சாலைகளுக்கும் பயன்பட்டன. பருத்த பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. ஒரு மீட்டர் உயரமுள்ள பவளக்கல் தோன்ற நூறாண்டு தேவை. அது ஒரு நாளில் சூளைக்குச் சென்றது. தூத்துக்குடிக்கு அருகில் இருந்த விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கியதற்குப் பவளக்கல் அகழ்வு முதன்மையான காரணமாகக் கூறப்படுகிறது.

இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989 இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் உருவானது. பாறை அமைக்கும் பவளங்கள் 2001 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இதன்படி இந்தியக் கடல்களிலிருந்து அவற்றை உயிருடனோ இறந்த நிலையிலோ எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாகும். தர்ஸ்டன் செய்ததுபோல் கரையில் கிடைத்ததைப் பெட்டியில் இட்டு எடுத்துச் செல்ல இன்று எவருக்கும் உரிமை இல்லை. வீட்டுத் தொட்டிக்கும் இவ்விதி பொருந்தும்.

வெட்டுவது குறைந்தபின் வேறோர் அச்சுறுத்தல் தோன்றியது. கோடைக்காலத்தில் கடல்நீரின் வெப்பம் மிகும்போது பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் கடுமையான வெளுப்பு ஏற்பட்டது. தொட்டியில் நீர் சூடேறினால் குளிரூட்டியை இயக்கலாம். கடலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. உடைந்த பவளக்கிளைகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் வளர்க்கும் மீட்புப் பணிகள் இத்தீவுகளைச் சுற்றி நடைபெற்றுள்ளன. எந்த இடத்தில் எந்தப் பவளம் முன்பு இருந்தது என்பதை அறிய, தர்ஸ்டன் முதலியோர் விட்டுச்சென்ற பழைய பட்டியல்கள் இன்று ஒப்பீட்டுக்குப் பயன்படுகின்றன.

எழுதிய நூல்களுள் சில

இராமேசுவரம், அண்டைத் தீவுகளின் கடல் விலங்குகள் பற்றிய முதனிலை அறிக்கை (1887)
மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புகளும் கடல் விலங்குகளும் (1890)
இந்தியத் தீபகற்பத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பகுதிகளின் நாணய வரலாறு (1890)
இராமேசுவரத் தீவும் மன்னார் வளைகுடா விலங்குகளும் (1895)
தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகள் (1906)
தென்னிந்தியக் குலங்களும் குடிகளும், ஏழு தொகுதிகள், க. இரங்காச்சாரியுடன் (1909)
தென்னிந்தியச் சகுனங்களும் மூடநம்பிக்கைகளும் (1912)
மைசூர், குடகு, இணைந்த அரசுகளுடன் சென்னை மாகாணம் (1913)